மூடிய கதவு, அறுந்த செருப்பு: இந்தியத் திரைப்பட முடிவுகளும் கண்ணீரின் வரலாறும்

சரத்சந்திர சட்டோபாத்யாயரின் ‘தேவதாஸ்’ 1917-இல் நூலாக வெளிவந்தது. அதன் இறுதியில் கதைசொல்லி கதைக்கு வெளியே வந்து வாசகரிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறார். தேவதாஸைப் போன்ற ஓர் அபாக்கியவானை எங்கேனும் அறிய நேர்ந்தால், அவனுக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்கிறார். சாவு வருவதில் குறையில்லை. ஆனால் அந்த நேரத்தில் அன்புள்ள ஒரு கை நெற்றியில் படவேண்டும், ஒருவருடைய கண்ணிலாவது ஒரு துளி நீரைக் கண்டுவிட்டுப் போகும் பேறு வேண்டும் என்பது அந்த வேண்டுகோளின் சாரம். தேவதாஸுக்கு வாய்க்காத அந்தத் துளியை வாசகரே தரவேண்டும் என்பது சொல்லாமலே விளங்குகிறது.

இந்தியத் திரைப்படங்களின் புகழ்பெற்ற துயர முடிவுகளைப் பற்றிப் பேசும்போது, அவை எத்தனை முறை பார்த்தாலும் அழவைப்பவை என்பது வழக்கமான பாராட்டு. இந்தப் பாராட்டுக்குள் ஒரு புதிர் இருக்கிறது. முடிவு முன்பே தெரிந்திருக்கும்போது அழுகை ஏன் வருகிறது? எதிர்பாராத அதிர்ச்சிதான் காரணம் என்றால், இரண்டாம் முறை பார்ப்பவர் அழக்கூடாது. நடைமுறை இதற்கு நேர்மாறானது. தேவதாஸ் அந்த வாசலில் இறப்பான் என்பதை அறிந்தே மூன்று தலைமுறைப் பார்வையாளர்கள் அரங்குக்குள் சென்றார்கள். மாட்டுவண்டி புறப்பட்டதுமே அழத் தொடங்குபவர், அது எங்கே போய் நிற்கும் என்று அறிந்தவர்தாம்.

இந்தியக் கவிதையியல் மரபு இதற்கு ஒரு பகுதி விடை தருகிறது. நாட்டிய சாஸ்திரம் கருணையை எட்டுச் சுவைகளுள் ஒன்றாக வைத்து, சோகத்தை அதன் அடிப்படை உணர்வாகக் கூறியது. சொந்தத் துக்கம் வேறு, அரங்கில் நுகரப்படும் கருணைச்சுவை வேறு என்ற பாகுபாட்டைப் பிற்கால ஆசிரியர்கள் நுட்பமாக வளர்த்தெடுத்தனர். ஆயினும் வடமொழி நாடகம் துயரத்தில் முடிவதை விரும்பவில்லை. பாசனின் ‘ஊருபங்கம்’ போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் கருணையின் பெருங்கவிஞராகப் போற்றப்படும் பவபூதியே ‘உத்தரராமசரித’த்தின் முடிவில் இராமனையும் சீதையையும் மீண்டும் சேர்த்துவைத்தார். நடுவில் எவ்வளவு அழுதாலும் இறுதியில் ஆறுதலோடு அவையோரை அனுப்புவதே அந்த மரபின் நெறி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வேறொரு திசையில் உதவுகிறது. அழுகை பிறக்கும் களங்களாக அது நான்கைச் சொல்கிறது: பிறரால் இகழப்பட்டு எளியராதல், உயிரோ பொருளோ இழத்தல், முன்னிருந்த நன்னிலை கெடுதல், வறுமை. இவற்றில் இறப்பு ஒரு கூறு மட்டுமே. எஞ்சியவை மனிதர் மனிதருக்குச் செய்வதையும் செய்யத் தவறியதையும் பற்றியவை. இந்தியத் திரைப்படத்தின் மறக்கமுடியாத முடிவுகளை அடுக்கிப் பார்த்தால், அவையும் சாவைக் காட்டிலும் இந்த மற்ற மூன்றின் மீதே நிற்பது புலப்படும்.

இத்தாலிய இலக்கிய ஆய்வாளர் ஃபிராங்கோ மொரெட்டி 1980-களில் ஒரு கட்டுரையில் கண்ணீரின் இலக்கணத்தைக் காலத்தோடு இணைத்தார். ஒரு நிலைமை மாறவேண்டும் என்பதும், அது இனி மாறவே முடியாது என்பதும் ஒரே கணத்தில் தெளிவாகும்போது வாசகர் அழுகிறார் என்பது அவருடைய வாதம். உண்மையை உணரவேண்டியவர் உணர்கிறார். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஸ்டீவ் நீல், லிண்டா வில்லியம்ஸ் போன்ற திரைப்பட ஆய்வாளர்கள் இதை மெலோடிராமாவுக்கு விரித்துக் காட்டினர். முடிவு தெரிந்தவர் ஏன் அழுகிறார் என்பதற்கும் இதில் விடை உண்டு. தெரிந்திருத்தல் துயரைக் குறைப்பதில்லை. தடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு கணத்தையும் அது பார்வையாளருக்கு அடையாளம் காட்டுகிறது.

இந்தியச் சூழலில் கேட்கவேண்டிய கேள்வி இதற்கு அடுத்தது. காலம் கடந்தது யாரால்? இந்தக் கேள்விக்கு வங்கத்தில் உருவான ஒரு திரைப்பட மரபு 1935 முதல் 1971 வரை வெவ்வேறு விடைகளைத் தேடியது. அந்த மரபின் கலைஞர்கள் ஒருவருக்கொருவர் அந்நியரல்லர் என்பது இதில் கவனிக்கத்தக்கது.

பிரமதேஷ் பருவா 1935-இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காக ‘தேவதாஸ்’ படத்தை வங்க மொழியில் இயக்கித் தாமே நடித்தார். அடுத்த ஆண்டு கே. எல். சைகல் நடிப்பில் இந்தி வடிவம் வந்தது. அதன் ஒளிப்பதிவாளர் பிமல் ராய். நாவலின் முடிவு படங்களின் முடிவைவிடக் கொடியது. பாண்டுவா நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் வெகுதூரம் பயணம் செய்து, நள்ளிரவில் பார்வதியின் புகுந்த வீட்டு வாசல் மரத்தடியை அடைகிறான் தேவதாஸ். வந்திருப்பவன் யாரென்று உள்ளே யாருக்கும் தெரியாது. இறந்த பின்பு ஊரார் உடலைத் தொட மறுக்கிறார்கள். சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எடுத்துச் சென்று பாதி எரிந்த நிலையில் விட்டுப் போகிறார்கள். பார்வதிக்குச் செய்தி தெரியும்போது உடல் அங்கே இல்லை. ஓடி வருபவளை வீட்டார் தடுத்து உள்ளே கொண்டுசெல்கிறார்கள்.

திரை இந்த நீண்ட அவலத்தை ஒரே உருவத்துக்குள் சுருக்கியது. பார்வதி வாசலை நோக்கி ஓடுகிறாள். பெரிய கதவு அவள் முகத்துக்கு எதிரே மூடிக்கொள்கிறது. வேதாந்தம் ராகவய்யா 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த வடிவம் நாகேஸ்வர ராவையும் சாவித்திரியையும் தென்னிந்தியப் பார்வையாளர் மனத்தில் நிலைநிறுத்தியது. 1955-இல் பிமல் ராய், தாம் முன்பு ஒளிப்பதிவு செய்த அதே கதையைத் திலீப் குமார், சுசித்ரா சென்னைக் கொண்டு இயக்கினார். 2002-இல் சஞ்சய் லீலா பன்சாலியின் பிரம்மாண்டத்திலும் இறுதியில் எஞ்சுவது கதவுதான்.

அந்தக் கதவு வெறும் மரக்கதவன்று. இரு குடும்பங்களும் அண்டை வீட்டார். ஆனால் பெண் கொடுக்கப் பணம் வாங்கும் குடி என்று பார்வதியின் குடும்பத்தைத் தேவதாஸின் தந்தை தாழ்வாக மதிக்கிறார். பார்வதி நள்ளிரவில் தனியே வந்து கேட்டபோது தேவதாஸ் முடிவெடுக்கத் தயங்கினான். பின்பு அவன் மனம் மாறி வந்தபோது அவள் மறுத்தாள். குலப்பெருமையும் தயக்கமும் சேர்ந்து மூடத் தொடங்கிய கதவு, கடைசிக் காட்சியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பார்வையாளர் விதியை நினைத்து அழுவதாகச் சொல்லிக்கொண்டாலும், படம் ஒவ்வொரு படியிலும் மனிதத் தேர்வுகளையே காட்டி வந்திருக்கிறது.

பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953) இதே இலக்கணத்தைக் காதலிலிருந்து பிரித்து நிலத்துக்குக் கொண்டுசென்றது. கதை சலீல் சவுத்ரியுடையது. திரைக்கதையும் படத்தொகுப்பும் ரிஷிகேஷ் முகர்ஜி. சம்பு மகதோவிடம் இருப்பது இரண்டு பீகா. வங்க அளவையில் அது ஓர் ஏக்கரின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அந்த நிலத்தில் ஆலை கட்ட விரும்பும் ஜமீன்தார், கடனைப் பெருக்கிக் காட்டி 235 ரூபாய் கேட்கிறார். நீதிமன்றம் மூன்று மாதத் தவணை தருகிறது. சம்பு மகனோடு கல்கத்தா சென்று கைரிக்ஷா இழுக்கிறான். அவனைத் தேடி வரும் மனைவி விபத்தில் சிக்க, சேர்த்த பணம் மருத்துவத்துக்குக் கரைகிறது. குடும்பம் ஊர் திரும்பும்போது நிலம் ஏலம் போயிருக்கிறது, ஆலை எழுந்துகொண்டிருக்கிறது. வேலிக்கு வெளியிலிருந்து சம்பு ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவலாளி அதைத் திருட்டென்று அதட்ட, கையிலுள்ள மண் கீழே விழுகிறது. மூவரும் நடந்து செல்கிறார்கள்.

இந்த முடிவில் யாரும் சாவதில்லை. எனினும் அழுகையின் களங்கள் நான்கும் ஒரு பிடி மண்ணில் திரண்டிருக்கின்றன. ஜமீன்தாரி முறையை ஒழிக்க மேற்கு வங்கம் சட்டம் இயற்றியதும் இதே 1953-இல்தான். அந்த ஆண்டில் வந்த படம், பழைய ஆண்டை புதிய ஆலையின் பங்காளியாக உருமாறுவதைக் காட்டியது. சம்புவாக நடித்த பால்ராஜ் சாஹ்னி, படப்பிடிப்பின்போது உண்மையான ரிக்ஷா தொழிலாளி ஒருவரைச் சந்தித்ததைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பீகாரிலிருந்து நிலத்தை மீட்கப் பணம் தேடி வந்து, பல ஆண்டுகளாகியும் திரும்ப இயலாத அந்த மனிதரின் கதை சம்புவின் கதையாகவே இருந்தது. திரையின் முடிவு மிகையன்று என்பதற்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை.

ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) இந்த வரிசையின் உச்சம். கிழக்கு வங்கத்திலிருந்து பெயர்ந்து கல்கத்தாவின் ஓரத்தில் அகதிக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். அதைத் தன் சம்பளத்தால் தாங்கும் மூத்த மகள் நீதா. அவள் படிப்பை விடுகிறாள். அவள் நேசித்த சனத் தங்கை கீதாவை மணக்கிறான். தம்பியின் விபத்துக்கும் அவளே ஓடுகிறாள். காசநோய் வந்தபோது அதை மறைத்துத் தனியறையில் ஒடுங்குகிறாள். அண்ணன் சங்கர் மட்டுமே அவளைப் புரிந்தவன். ஆனால் பாடகனாகப் பெயர் பெற்று அவன் பம்பாயிலிருந்து திரும்பும் நாளில் நோய் முற்றியிருக்கிறது.

நோய் வெளிப்படும் கட்டத்தில் தந்தை விரலை நீட்டி, தாம் குற்றம் சாட்டுவதாக ஆங்கிலத்தில் முழங்குகிறார். யாரை என்று கேட்டதும் விரல் தாழ்கிறது. யாரையும் இல்லை என்கிறார். இந்திய வரலாற்றெழுத்து பல பக்கங்களில் சொல்லத் தயங்கியதை இந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. பஞ்சாபில் மக்கள் பெயர்வு பெரும்பாலும் ஒரே வீச்சில் நிகழ்ந்தது. விட்டுவந்த சொத்துக்கு ஈடு தரும் ஏற்பாடுகளும் அங்கு உருவாயின. வங்கத்தில் அகதிகள் ஆண்டுக்கணக்கில் அலையலையாக வந்தார்கள். அவர்களை நிலையான பொறுப்பாக ஏற்க அரசு நெடுங்காலம் தயங்கியது. கல்கத்தாவின் தென்பகுதியில் பிஜய்கட் போன்ற குடியிருப்புகளை அகதிகள் தாமே அமைத்துக்கொண்டார்கள். அந்தக் குடியிருப்புகளின் அன்றாட வாழ்வு எத்தனை பெண்களின் உழைப்பின் மீது நின்றது என்பதைக் கணக்கெடுக்கும் பேரேடு எதுவும் அன்று இல்லை. நீதா அந்தப் பேரேட்டில் இல்லாத பெயர்.

இறுதியில் ஷில்லாங்கின் மலைச் சூழலில் உள்ள காசநோய் மருத்துவமனைக்குச் சங்கர் அவளைப் பார்க்க வருகிறான். வீட்டில் எல்லாம் நலம் என்கிறான். புதிய மாடி வீடு எழுந்திருக்கிறது. கீதாவின் குழந்தை ஓடியாடி வீட்டை நிறைக்கிறது. வாழ்வின் இந்தச் செய்தியைக் கேட்ட கணத்தில்தான் படம் முழுதும் அடங்கியிருந்த நீதா உடைகிறாள். தான் வாழவே விரும்பியதாக அண்ணனிடம் கதறுகிறாள். காமிரா மலைகளைச் சுற்றிச் சுழல, குரல் பாறைகளில் எதிரொலிக்கிறது. தியாகம் என்று குடும்பமும் பார்வையாளரும் போற்றிவந்ததை அவள் தானே தேர்ந்துகொள்ளவில்லை என்பது அந்தக் கதறலில் அம்பலமாகிறது. தியாகியைப் போற்றுவது எளிது. வாழ விரும்பியவளை வாழவிடாமல் செய்ததை ஏற்பது எளிதன்று. அரங்கில் எழும் விம்மல் இந்த இரண்டாவது உணர்விலிருந்து வருகிறது.

கட்டக் அங்கே படத்தை முடிக்கவில்லை. குடியிருப்புக்குத் திரும்பும் சங்கரிடம் மளிகைக் கடைக்காரர் நீதாவைப் பற்றி விசாரிக்கிறார். அப்போது அந்த வழியே வேலைக்குப் போகும் ஓர் இளம்பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. அவள் சங்கரைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்துவிட்டுத் தொடர்ந்து நடக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் இதே தெருவில் நீதாவின் செருப்பு இப்படித்தான் அறுந்தது. சங்கர் முகத்தை மூடிக்கொள்கிறான். புகுந்த வீடு செல்லும் உமாவை வழியனுப்பும் வங்க நாட்டார் பாடலின் இசை, படத்தில் நீதாவின் வாழ்வோடு பிணைந்து வருகிறது. தேவியை ஆண்டுதோறும் அழைத்து வழிபட்டு நீரில் கரைக்கும் சமூகம், தன் மகள்களையும் அவ்வாறே கரைக்கிறது என்பது அதன் உட்பொருள். மெலோடிராமாவைத் தம் பிறப்புரிமையாகக் கருதியவர் கட்டக். அந்த வடிவத்தின் வலிமை எங்கே உள்ளது என்பதை அறுந்த செருப்பு காட்டுகிறது. மலையில் கேட்ட கதறல் ஒருத்தியுடையது. தெருவில் அறுந்த செருப்பு பலருடையது.

இதற்கு ஓராண்டு முன் வந்த சத்யஜித் ராயின் ‘அபூர் சன்சார்’ (1959) எதிர்த்திசையில் அழவைக்கிறது. மகனைப் பெற்றெடுக்கும்போது மனைவி அபர்ணா இறந்ததால், அந்தக் குழந்தையைக் காண மறுத்து அபு ஐந்தாண்டுகள் அலைகிறான். திரும்பி வந்து அவன் நீட்டும் பொம்மை ரயிலைச் சிறுவன் காஜல் வீசியெறிகிறான். அபு தோற்றுப் புறப்படுகிறான்; காஜல் தொலைவில் பின்தொடர்கிறான். தன்னைத் தந்தை என்று சொல்லாமல் நண்பன் என்று அபு சொன்னதும் சிறுவன் ஓடி வருகிறான். கடைசிச் சட்டகத்தில் தந்தையின் தோளில் மகன். இங்கே கண்ணீர், காலம் முழுதும் கடந்துவிடவில்லை என்ற விடுதலையிலிருந்து பிறக்கிறது. ஆனால் ஐந்தாண்டுப் பிழை அழிக்கப்படவில்லை. தந்தை என்ற சொல்லுக்கு அபு இனித்தான் தகுதி பெறவேண்டும். பவபூதியின் சேர்த்துவைக்கும் மரபு நவீன வடிவில் திரும்பும் இடம் இது எனலாம்.

ரிஷிகேஷ் முகர்ஜி ‘தோ பீகா ஜமீன்’, ‘தேவதாஸ்’ (1955) இரண்டுக்கும் படத்தொகுப்பாளர். அவர் முதலில் இயக்கிய ‘முசாஃபிர்’ (1957) படத்தின் எழுத்தில் கட்டக்கின் பங்கு உண்டு; பிமல் ராயின் ‘மதுமதி’யையும் (1958) எழுதியவர் கட்டக். பால்ராஜ் சாஹ்னி, சலீல் சவுத்ரி, கட்டக், நீதாவின் தந்தையாக நடித்த பிஜன் பட்டாச்சார்யா ஆகியோர் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இயங்கியவர்கள். 1943 வங்கப் பஞ்சத்தை மேடைக்குக் கொண்டுவந்த ‘நபான்ன’ நாடகம் பிஜன் எழுதியது. பஞ்சத்தில் கல்கத்தா நடைபாதையில் பட்டினியால் இறந்தவர்கள் தடுத்திருக்கக்கூடிய சாவுகளைச் செத்தவர்கள் என்ற அறிவு, இந்தக் கலைஞர்களின் இளமையோடு கலந்தது. அவர்களுடைய படங்களின் கடைசிச் சுருள்களில் ‘இதைத் தவிர்த்திருக்கலாம்’ என்ற எண்ணம் ஓயாமல் ஒலிப்பது தற்செயலன்று.

முகர்ஜியின் ‘ஆனந்த்’ (1971) இந்த மரபை ஒரு புதிய எல்லைக்குக் கொண்டுசென்றது. இசை மீண்டும் சலீல் சவுத்ரி. நாயகன் இறந்துவிட்டான் என்பதைப் படம் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறது. மருத்துவர் பாஸ்கர் அவனைப் பற்றி எழுதிய நூலுக்குப் பரிசு பெறுகிறார். குடலில் பரவிய புற்றுநோய்க்கு எவரும் பொறுப்பல்லர். கதவு மூடியவரும் இல்லை, நிலம் பறித்தவரும் இல்லை. அப்படியிருந்தும் முகர்ஜி காலத்தாழ்வை விடவில்லை. மருந்து தேடிப் போன பாஸ்கர் திரும்பி வருவதற்குச் சற்று முன்பு ஆனந்தின் மூச்சு நிற்கிறது. பேசு என்று பாஸ்கர் இறந்தவனிடம் மன்றாடுகையில், ஓடிக்கொண்டிருந்த ஒலிநாடாவிலிருந்து ஆனந்தின் குரலும் சிரிப்பும் எழுகின்றன. பருவாவின் படத்தில் கதவு செய்ததை இங்கே ஒரு கருவி தலைகீழாகச் செய்கிறது: உடல் கடந்துபோன பின்பும் குரல் வந்து சேர்கிறது.

இக்கண்ணீர் குறித்து ஒரு வலுவான ஐயம் உண்டு. அழுது தீர்த்த பார்வையாளர் மனச்சுமை நீங்கி வீடு திரும்புகிறார். வீட்டில் உழைக்கும் நீதாவின் நிலை மாறுவதில்லை. உணர்ச்சியில் கரைவது சிந்தனையை மழுங்கச் செய்யும் என்று பிரெக்ட் எச்சரித்ததும் இதைப்பற்றியே. ‘தேவதாஸ்’ மரபில் இந்தக் குற்றச்சாட்டுக்கு இடமிருக்கிறது. கதவின் முன் அழுபவர், அந்தக் கதவின் உள்பக்கத்தில் தாமும் நிற்கக்கூடும் என்பதை மறந்துவிடலாம். நாவலில் பாதி எரிந்து கிடந்த உடலைவிட, திரையில் மூடிய கதவு மென்மையானது என்பதையும் மறுக்க இயலாது.

எனினும் எல்லா முடிவுகளும் ஒரே வகையில் அழவைப்பதில்லை. சில முடிவுகள் பார்வையாளரைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் அமர்த்தி ஆறுதல் தருகின்றன. வேறு சில, தாமதமாக வந்தவரின் இடத்தில் நிறுத்துகின்றன. ‘மேகே டாக்கா தாரா’வின் கடைசிச் சட்டகங்களில் பார்வையாளர் காண்பது சங்கரின் கண்ணால். அவன் தங்கையை நேசித்தான். அவளை நன்கு அறிந்தும் இருந்தான். அவள் பணத்தில் வாழ்ந்தபடியே பாடல் பயின்றான்; வெற்றியோடு திரும்பியபோது அவள் இரத்தம் உமிழ்ந்துகொண்டிருந்தாள். அவனுடைய அழுகையில் இரக்கத்தோடு பொறுப்பும் கலந்திருக்கிறது. அந்தப் படத்தை மீண்டும் பார்ப்பவர், தொடக்கத்தில் நீதாவின் செருப்பு அறும் காட்சியிலேயே கண்கலங்குவதுண்டு. முதல் முறை எந்தப் பொருளும் தராத அந்தச் சிறு காட்சி, இரண்டாம் முறை தாங்கமுடியாததாகிறது. அந்த இடத்தில் எவரும் இறக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கிய ஒரு பெண், வீட்டார் ஒவ்வொருவரின் தேவையையும் எண்ணியபடி நடந்துகொண்டிருக்கிறாள். புதுச்செருப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அப்போது யாராவது ஒருவர் அதைக் கவனித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.